தொடை எலும்பைக் கீழேயே வெச்சுட்டு வாங்க, டீச்சரம்மா

டீச்சரம்மா, பத்தாவதுக்குக் கணக்குப் பாடம் எடுக்கக் கீழேர்ந்து புதுசா ஒருத்தர் வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் எனக்கு ரெண்டு சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்துச்சேங்கறது ஒண்ணு. எனக்கு வம்பிழுக்க ஆள் கெடச்சுதேங்கறது இன்னொண்ணு. நான் காப்பித் தோட்டத்துல ரைட்டரா இருந்து ஓய்ஞ்சவன். ரைட்டர்னா கதை எழுதுறவன்னு நெனச்சுக்காதீங்க, செக்ரோல் எழுதுறவன். யார் வேலைக்கு வந்தாங்க, எத்தனை கிலோ பழம் பறிச்சாங்க, யாருக்கு எவ்வளவு கூலின்னு எழுதுறது. செக்ரோல்லயே கதை எழுதின ரைட்டருங்களும் உண்டு. அது வேற பேச்சு.

எங்க பேரன் உங்க வகுப்புதான். ஒருநாள் ராத்திரி புத்தகத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருந்தான். என்னடா சாமின்னேன். நேரிய சார்புன்னான். எதைப் பத்தின கணக்குன்னேன். தொடை எலும்பைப் பத்தின்னான். எனக்குக் காதுல தப்பா விழுந்துடுச்சோன்னு மறுபடி கேட்டேன். தப்பே இல்ல. முதல் பாடத்துலயே இருக்கு. தடயவியல் விஞ்ஞானி ஒருத்தர் செத்தவனோட தொடை எலும்பை எடுக்குறார். சென்டிமீட்டர்ல அளக்குறார். அதை 2.47-ஆல பெருக்கி 54.10-ஐக் கூட்டுறார். ஆளோட உயரம் வந்துடுது. எலும்பு 50-ன்னா ஆள் 177.6. ஆள் 147.96-ன்னா எலும்பு 38.

ஏண்டா, ஏற்காட்டுல உங்களுக்கு எலும்பு எங்கடா கெடச்சுது, கரடிக் குகையிலயான்னு கேட்டேன். பையன் சிரிச்சுட்டு, "தாத்தா, எலும்பு சைபர்னா?"ன்னான். பெருக்கிப் பாரேன்னேன். பாத்தான். 54.10. தொடையே இல்லாத மனுசன் ஒண்ணே முக்கா அடி உயரத்துக்கு நின்னுக்கிட்டு இருக்கான்! ரெண்டு பேரும் ராத்திரி ரொம்ப நேரம் சிரிச்சோம். வீட்டுல பொம்பளைங்க கிழவனுக்கும் பேரனுக்கும் பேய் புடிச்சுடுச்சுன்னாங்க.

புத்தகம் எழுதுனவங்களை நான் குத்தம் சொல்லல. கும்மிடிப்பூண்டிப் பிள்ளைக்கும் கன்னியாகுமரிப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம். ரெண்டு பேர்கிட்டயும் பொதுவா இருக்குற பொருள் என்னன்னு தேடித் தேடிக் கடைசியில தொடை எலும்புல வந்து நின்னிருப்பாங்க. அது எல்லார்கிட்டயும் இருக்குதே. ஆனா நீங்க ஒரு ஊர்ப் பிள்ளைங்களுக்குத்தானே சொல்லிக்குடுக்கப் போறீங்க? வளந்த மனுசங்க எலும்பை அளந்து பொருத்தின கோடு அது. அந்த அளவுக்குள்ளதான் செல்லும். அந்த 54.10 எந்தப் பொருளோட அளவும் இல்ல, கோட்டை அந்தப் பக்கம் நீட்டினா முட்டுற இடம், அவ்வளவுதான். இதைச் சொல்லாம விட்டா, பிள்ளைங்க y = mx + c-ல வர்ற c-ன்னா கடைசியில கூட்டிக்க வேண்டிய ஏதோ ஒரு நம்பர்னு நெனச்சுக்கிட்டே பரீட்சை எழுதிட்டுப் போயிடும். மார்க்கும் வந்துடும். அதுதான் ஆபத்து.

c-ன்னா என்னன்னு காட்டணும்னா சாக்கைக் கொண்டாரச் சொல்லுங்க.

1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியை மலைக்குக் கொண்டாந்து கிரேஞ்சு எஸ்டேட்டுல வெச்சாரு. செடி வந்தா பழம் வரும், பழம் வந்தா தராசு வரும், தராசு வந்தா சண்டை வரும். கார்த்திகையிலேர்ந்து மாசி வரைக்கும் பழம் பறிப்பு. சாயங்காலம் ஆளுங்க வரிசையா சாக்கோட நிப்பாங்க. தராசுல மாட்டினா 41-ன்னு காட்டும். சாக்குக்கு 1 கழிச்சு 40-ன்னு எழுதுவோம். உங்க வகுப்புல இருக்குற பிள்ளைங்கள்ல பாதிப் பேரோட அம்மா அந்த வரிசையில நின்னவங்க. அந்தப் பிள்ளைங்ககிட்ட, "காலி சாக்கைத் தராசுல மாட்டினா என்ன காட்டும்?"னு கேளுங்க. கடைசி பெஞ்சுலேர்ந்து பதில் வரும். அதுதான் c-ன்னு சொல்லுங்க. பழம் x, தராசு காட்டுறது y. பழமே இல்லாதப்பவும் தராசு காட்டுதே, அந்த எடை. அதைக் கையில புடிச்சுப் பாக்கலாம், மடிச்சு வெக்கலாம், மழைக்குத் தலையில போட்டுக்கலாம். 54.10-ஐப் போட்டுக்க முடியுமா?

அந்தச் சாக்கு நெசமாவே ஒரு கிலோ இருக்குமான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. நான் ரைட்டர். பிள்ளைங்களையே அளக்க விடுங்க. 5 கிலோ, 10 கிலோ, 15 கிலோன்னு படிக்கல்லு போட்டு அளந்து, வரைபடத்தாள்ல புள்ளி வெச்சுக் கோட்டை இழுத்தா, அது y அச்சை எங்க வெட்டுதுன்னு தெரிஞ்சுடும். ஒண்ணுல வெட்டினா ஊர்ல பாதி வழக்கு தீந்துடும். அரையில வெட்டினா புதுசா ஆரம்பிச்சுடும்.

அரைன்னே வெச்சுக்குவோம், பேச்சுக்கு. சாக்கு அரைக் கிலோ, கழிக்கிறது ஒரு கிலோ. ஒரு பொம்பளை 60 கிலோ பழம் பறிச்சிருக்கா. ஒரே எடையா போட்டா தராசு 60.5 காட்டும், ஒண்ணு போக 59.5 எழுதுவாங்க. காலையில 20, மத்தியானம் 20, சாயங்காலம் 20-ன்னு மூணு தடவை போட்டா? தடவைக்கு 19.5. மொத்தம் 58.5. பழம் அதே பழம், ஒரு கிலோ எங்கயோ போயிடுச்சு. எங்க போச்சுன்னு பிள்ளைங்களைக் கேளுங்க. கோடு சைபர்லேர்ந்து கெளம்பினா, துண்டு துண்டாப் போட்டுக் கூட்டினாலும் மொத்தமாப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். c ஒட்டிக்கிட்டு இருந்தா வராது, ஒவ்வொரு தடவையும் c தன் பங்கைப் புடுங்கிக்கும். இதைப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. மலைப் பொம்பளைங்களுக்குத் தெரியும். எடைக்கு எப்பப் போகணும், பக்கத்து வரிசைக்காரியோட சேந்து ஒரே சாக்காப் போடலாமான்னு அவங்க பேசிக்கிறது பூரா இந்தக் கணக்குதான். x-னு சொல்லாம பேசுறாங்க, அவ்வளவுதான்.

அடுத்தது கூலி. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, பொறுமையாக் கேளுங்க. நம்பர் நானாப் போட்டது, எந்தத் தோட்டத்துக் கணக்கும் இல்ல. 50 கிலோ வரைக்கும் நாள் கூலி 400 ரூபா. அதுக்கு மேல பறிச்சா கிலோவுக்கு 5 ரூபா சேத்து. கோடு போட்டா 50 வரைக்கும் படுத்துக் கெடக்கும், அப்புறம் எந்திரிச்சு ஏறும். ஏறுற பகுதிக்குச் சமன்பாடு எழுதச் சொல்லுங்க. நல்லாப் படிக்கிற பிள்ளை 400 + 5(x − 50)-ன்னு எழுதி, அடைப்பைப் பிரிச்சு, y = 5x + 150-ன்னு சுருக்கி, நிமிந்து உங்களைப் பாக்கும். நீங்க சரின்னு டிக் அடிப்பீங்க. அடிக்காதீங்க. "150 ரூபா யாருக்குக் குடுத்தது?"ன்னு கேளுங்க.

யாருக்கும் இல்ல. ஒரு கிலோகூடப் பறிக்காம நாள் பூரா நின்னா 400. வேலைக்கே வராட்டி சைபர். 150 ரூபாங்கிறது எந்தச் செக்ரோல்லயும் கெடையாது. தொடையில்லாம நிக்கிறானே ஒண்ணே முக்கா அடி மனுசன், அவன்தான் இங்கயும் 150 ரூபா கூலி வாங்கிட்டுப் போயிருக்கான்.

ஆக, சாக்கு எடை c-ங்கறது நெசம். 150 நெசம் இல்ல. ரெண்டும் சமன்பாட்டுல ஒரே எடத்துலதான் உக்காந்திருக்கு. எது நெசம்னு சமன்பாட்டைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, தராசுகிட்டப் போய் நின்னாத்தான் தெரியும். எங்க பொம்பளைங்க கூலியைச் சொல்லும்போது 150-ங்கற பேச்சே வராது. "நாள் கூலி நானூறு, மேல் கிலோ அஞ்சு"ன்னுதான் சொல்லுவாங்க. சைபரை 50 கிலோவுல வெச்சுட்டாங்க. அங்கேர்ந்து மேல எத்தனைன்னு எண்ணுறாங்க. சைபரை எங்க வைக்கணும்ங்கறது கணக்குப் போடுறவன் கையில இருக்கு. அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டீங்கன்னா பாடத்துல பாதி முடிஞ்சுது.

நீங்க சிரிக்கிறீங்க. இந்த c-யில என்ன பெரிய கஷ்டம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு. எங்க பேத்தி ஒருத்தி கீழ பி.எட். படிக்கிறா. அவ ஒரு சங்கதி வாசிச்சுக் காட்டினா. 1993-ல அமெரிக்காவுல கிரேமர், போஸ்ட், கரியர்னு மூணு பேர் சேந்து எழுதினது. ரெண்டு பொண்ணுங்க ஒரே வேகத்துல மைதானத்தைச் சுத்தி ஓடுறாங்க. ஒருத்தி முன்னாடியே ஆரம்பிச்சுட்டா. அவ 9 சுத்து முடிச்சப்போ பின்னாடி வந்தவ 3 சுத்து. பின்னாடி வந்தவ 15 முடிக்கிறப்போ முன்னாடிக்காரி எத்தனை முடிச்சிருப்பா? 33 பேர்கிட்டக் கேட்டாங்க. 32 பேர் 9-ஐ 3-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, 45-ன்னுட்டாங்க. ஒரே வேகம்ங்க! முன்னாடி ஓடின 6 சுத்து அப்படியே நிக்கும், விடை 21.

அந்த 33 பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இல்ல டீச்சரம்மா. டீச்சர் வேலைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தவங்க. நான் யாரையும் பாத்துச் சொல்லல. சும்மா, காத்துவாக்குல சொன்னேன்.

எங்க ஏரியைச் சுத்தி ரெண்டு பிள்ளைங்களை ஓடவிட்டுக் கேட்டீங்கன்னா ஒருத்தனும் 45-ன்னு சொல்லமாட்டான். கண்ணு முன்னாடி ஆறு சுத்து தெரியுதே. தாள்ல மூணு நம்பரைக் குடுத்து நாலாவதைக் கேட்டாத்தான் கை தானாக் குறுக்கே பெருக்கப் போயிடுது. அஞ்சாவதுலேர்ந்து அப்படிப் பழக்கி வெச்சிருக்கோம்.

இன்னொண்ணும் வாசிச்சா. பெல்ஜியம்னு ஒரு நாடு. அங்க லூவன் பல்கலைக்கழகத்துக்காரங்க 1990-கள்ல 12, 13 வயசுப் பிள்ளைங்களுக்குக் குடுத்த கணக்கு. 200 மீட்டர் பக்கம் உள்ள சதுர நிலத்துக்கு எரு போட ஒருத்தனுக்கு 8 மணி நேரம் ஆகுது. 600 மீட்டர் பக்கம்னா எத்தனை மணி நேரம்? முக்காவாசிக்கும் மேல பிள்ளைங்க 24-ன்னு எழுதிடுச்சாம். படம் போட்டுக் காட்டியும் பெருசாத் திருந்தலயாம். எரு சுமந்தவன் யாரையாச்சும் கேட்டுப் பாருங்க. பக்கம் மூணு மடங்குன்னா நிலம் ஒம்போது மடங்கு, 72 மணி நேரம். முதுகு சொல்லும். எரு போடத் தெரிஞ்ச ஊர்ல உக்காந்துக்கிட்டு நாம எலும்பைக் கட்டிக்கிட்டு அழறோம்.

சரி, இப்ப பஸ் ஏறுவோம். நீங்க சேலத்துலேர்ந்து வரும்போது என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். அஸ்தம்பட்டியில ஏறிப் போனை எடுத்தீங்க, கோரிமேடு தாண்டிக் கொட்டாவி விட்டீங்க, அடிவாரத்துல ஜன்னலைத் தொறந்தீங்க, அஞ்சாவது வளைவுல எலுமிச்சம்பழத்தை மோந்தீங்க. அடுத்த தடவை எலுமிச்சம்பழத்தோட தெர்மாமீட்டரும் எடுத்துக்கங்க. காய்ச்சல் பாக்குறது வேண்டாம், அது 35-க்குக் கீழ காட்டாது. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துல பூட்டி வெச்சிருக்காங்களே, அதுல ஒண்ணு. உடைஞ்சா என் பேரைச் சொல்லுங்க.

சேலம் கடல்மட்டத்துலேர்ந்து சுமார் 278 மீட்டர். ஏற்காடு 1515. நடுவுல 1237 மீட்டர் ஏத்தம். ஆயிரம் மீட்டர் ஏறினா காத்து சராசரியா 6.5 டிகிரி ஆறும்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட ஒரு அளவு இருக்கு. அப்ப 8 டிகிரி. சித்திரையில கீழ 38-ன்னா மேல 30. y = 38 − 6.5x, x-ஐக் கிலோமீட்டர்ல வெச்சுக்கங்க. ஏறுற கோட்டையே பாத்துப் பழகின பிள்ளைங்களுக்கு எறங்குற கோடு கெடச்சுடுச்சு. மலை ஏறினா கோடு எறங்குதுங்கறதுல பிள்ளைங்க கொஞ்சம் மெரளும். நல்லா மெரளட்டும்.

இங்கயும் சைபர் எங்கன்னு கேளுங்க. சைபரைச் சேலத்துல வெச்சா c 38. அது பஸ் ஸ்டாண்டுல நின்னு வேர்த்து வடிஞ்ச நெசமான 38. சைபரைக் கடல்மட்டத்துல வெச்சா c 39.8-ன்னு வரும். சேலத்துக்குக் கீழ கடல் எங்க இருக்கு? அதுவும் ஒண்ணே முக்கா அடிக்காரனோட சொந்தக்காரன்தான்.

கிராஃப் போடும்போது ஒரு பிள்ளை வெவரமா வளைவு நம்பரை x-ஆ எடுத்துக்கும். 20 கொண்டை ஊசி வளைவு, பலகையில நம்பர் இருக்கு, எழுதிக்கச் சுளுவு. விட்டுடுங்க, போடட்டும். புள்ளிங்க கோட்டுல நிக்காது, இங்கயும் அங்கயுமா எகிறும். வளைவுக்கும் வளைவுக்கும் ஏத்தம் ஒரே அளவு இல்லையே. உயரத்தை x-ஆ எடுத்தவன் புள்ளிங்க ஓரளவு கோட்டுல நிக்கும். எதை x-ஆ எடுக்கணும்ங்கறதை இதை விட யாரும் நல்லாச் சொல்லிக்குடுக்க முடியாது. தூரத்தை x-ஆ எடுத்தாலும் இடிக்கும். சேலத்துலேர்ந்து மேல வர சுமார் 30 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 41 மீட்டர் ஏத்தம்னு சராசரி சொல்லும். அஸ்தம்பட்டியிலயும் கோரிமேட்டுலயும் எவன் 41 மீட்டர் ஏறினான்? ஏத்தம் பூரா அடிவாரத்துக்கு மேலதானே.

கோடு எதுவரைக்கும் செல்லும்னு கேளுங்க. "நம்ம மலை இன்னும் எவ்வளவு உசரம் இருந்தா சித்திரையில ஐஸ் விழும்?" கணக்குப் போட்டா சேலத்துக்கு மேல 5.8 கிலோமீட்டருக்குச் சித்த மேல வரும். சேர்வராயன் சாமியே கடல்மட்டத்துலேர்ந்து 1623 மீட்டர்ல போதும்னு உக்காந்துட்டாரு. வானத்துக்கே இந்தக் கோடு பூராவும் செல்லாது. விமானக்காரங்க வெச்சிருக்குற அளவுல, கடல்மட்டத்துல 15 டிகிரியில ஆரம்பிச்சு 11 கிலோமீட்டர்ல −56.5 வரைக்கும் எறங்கும். அதுக்கு மேல 20 கிலோமீட்டர் வரைக்கும் கோடு படுத்துடும். எங்க மலையிலகூட மார்கழியில காத்தில்லாத தெளிஞ்ச ராத்திரின்னா, குளிர்ந்த காத்து எறங்கிப் பள்ளத்துல தேங்கிக்கும். மேட்டுல இருக்குறவனை விடப் பள்ளத்துல இருக்குறவன் பல்லு அதிகமாக் கிட்டும். கோடு தலைகீழாயிடும். அன்னைக்கும் 6.5-ன்னு எழுதுறவன் போர்வை வாங்காம சாகட்டும்.

வண்டி வாடகைக் கணக்கு எல்லாப் புத்தகத்துலயும் வரும். சென்னையில 2013-ல அரசு போட்ட ஆட்டோ ரேட்டு இருக்கு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. எங்க கூலிக் கோடு மாதிரியேதான், படுத்து எந்திரிக்கும். டவுன் பஸ்ஸுல 2021-லேர்ந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் சைபர், எத்தனை தூரம் போனாலும் சைபர். அது மாறிலிச் சார்பு. நல்ல கணக்கு, எங்க வீட்டுல எல்லாரும் பாஸ். ஆனா மலையில ஊர் சுத்திக் காட்டுற வேன்காரங்க ரேட்டைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடாதீங்க. லேடீஸ் சீட்டு, பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, எல்லாம் அதே தூரம்தான். காலையில வந்தவனுக்கு ஒரு ரேட்டு, மத்தியானம் வந்தவனுக்கு இன்னொண்ணு. ஒரு x-க்கு ஒரே ஒரு நிழல் உருதான் இருக்கணும், இல்லாட்டி அது சார்பே இல்லன்னு பேரன் புத்தகத்துல போட்டிருக்கே. இதைப் போய் ஒரு வேன்காரத் தம்பிகிட்டச் சொன்னேன். அவன் பீடியை அணைச்சுட்டுச் சொன்னான்: "சார்புதான் தாத்தா. நீங்க தூரத்தை மட்டும் பாக்குறீங்க. நான் தூரத்தையும் பாப்பேன், தலையில தொப்பி இருக்கான்னும் பாப்பேன்." அவனைப் பத்தாவதுல பெயில் போட்டவரு யாருன்னு நான் தேடிக்கிட்டு இருக்கேன்.

கடைசியா களத்துக்கு வாங்க. பழத்தைப் பல்ப்பர்ல தோல் உரிச்சு, ஊறவெச்சுக் கழுவி, பார்ச்மெண்டுங்கற அந்தக் கொட்டையைக் களத்துல காயப்போடுவாங்க. பத்துக் கிலோ ஈரப் பார்ச்மெண்டை ஒரு தட்டுல தனியா எடுத்துத் தினம் சாயங்காலம் பிள்ளைங்களை எடை போடச் சொல்லுங்க. முதல் நாள் ஒரு கிலோ குறைஞ்சுதுன்னு வெச்சுக்குவோம். நேர்கோட்டுப் பைத்தியம் புடிச்ச பிள்ளை உடனே y = 10 − x-ன்னு எழுதிடும். அந்தக் கணக்குப்படி பத்தாம் நாள் தட்டு காலி, காப்பியே இல்ல. தட்டைப் போய்ப் பாத்தா அஞ்சு கிலோவுக்குச் சித்த மேல நின்னு அதுக்குக் கீழ எறங்கமாட்டேங்கும். ஈரம் நெறைய இருக்குறப்ப வேகமாப் போகும், போகப் போக மந்தமாயிடும், பத்துப் பதினொண்ணு சதவீதத்துக்கு வந்தா நாமே அள்ளிடுவோம். வளைஞ்ச கோடு. நேர்கோட்டை ஒழுங்காப் படிக்கணும்னா நேர்கோடு இல்லாத ஒண்ணையாச்சும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்ங்க. புத்தகத்துல ஒரு பாடம் பூரா நேர்கோடுதான், அடுத்த பாடம் பூரா வேற. எந்தப் பாடத்துல இருக்கோம்னு தெரிஞ்சாலே விடை தெரிஞ்சுடும். களத்துல எந்தப் பாடம்னு பலகை மாட்டல.

ஆறு கிலோ பழத்துக்குச் சுமார் ஒரு கிலோ பருப்பு, மூணு கிலோ பச்சை மிளகுக்குச் சுமார் ஒரு கிலோ காஞ்ச மிளகு. இதெல்லாம் சைபர்லேர்ந்து கெளம்புற கோடு, பழம் இல்லன்னா பருப்பும் இல்ல. இதுல பேய் கெடையாது, சீக்கிரம் முடிச்சுடுங்க.

மலையில மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கூடம் 1917-லேர்ந்து இருக்கு. வெளியூர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைங்க தங்கிப் படிக்குது. கட்டடம், மைதானம், ஆய்வுக்கூடம், எதுக்கும் கொறை இல்ல. ஆனா அம்மாவோட சேந்து சாக்குப் புடிச்சுத் தராசு முன்னாடி நின்ன பிள்ளைங்க உங்க வகுப்புலதான் இருக்கு. அதுங்க கணக்குல மக்குன்னு பதிவேட்டுல எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூலிக் கணக்குக் கேட்டுப் பாருங்க. உங்களை விட வேகமாச் சொல்லும். அதைத் தாள்ல x, y-ன்னு எழுதத் தெரியாம நிக்குது, அதுக்குத்தானே அரசாங்கம் உங்களைக் கொண்டை ஊசி ஏத்தி அனுப்பியிருக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். சாக்கு எடையையும் மேல் கிலோவையும் பிள்ளைங்க கிராஃப் போடக் கத்துக்கிட்டா, வீட்டுக்குப் போய் அம்மாவோட கூலிச் சீட்டை எடுத்துப் பாக்கும். மறுநாள் யாராச்சும் ரைட்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, டீச்சர் பாடத்தை விட்டுட்டு வேற என்னமோ நடத்துறாங்கன்னு புகார் குடுத்தாலும் குடுப்பான். பயப்படாதீங்க, பாடப் புத்தகத்துல இருக்குற y = mx + c-தான் நடத்தினேன்னு சொல்லுங்க. பொய்யும் இல்ல. பொதுத் தேர்வுக்குத் தொடை எலும்பும் வரலாம், 2.47-ஐயும் 54.10-ஐயும் ஒரு பக்கமா எழுதி வெச்சுக்கட்டும். நான் தடுக்கல.

பறிப்பு ஆரம்பிச்சாச்சு. நம்ம வீட்டுத் திண்ணையில பழைய வில் தராசு ஒண்ணு சும்மா தொங்குது, படிக்கல்லும் இருக்கு, சாக்குக்குப் பஞ்சமே இல்ல. சனிக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. ஆளுக்கொரு வரைபடத்தாளும் பென்சிலும் கொண்டாரச் சொல்லுங்க. காப்பி நான் போட்டுத் தர்றேன்.